ஒரு மூட்டையில் எழுபத்தாறு கிராம்

மேலைக்கொங்கு பயிர்ச்சத்து ஆய்வு நிறுவனத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் கொள்முதல் குழு. கோயமுத்தூரில் என்ன நடந்தாலும் அது கூடும். குழுவில் மூன்று பேர், மேசைக்கு வரும் போண்டாத் தட்டோ நான்கு. அந்த நான்காவது தட்டு யாருக்கு என்று பதினேழு வருஷமாக ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அதை விசாரிக்க ஒரு துணைக்குழு போடுவார்கள், அதற்கும் போண்டா போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் குழுவுக்கு முன்னால் ஜூன் மாதத்து இரண்டாவது செவ்வாயன்று ஹபீபுன்னிசா போய் நின்றாள். வீட்டிலும் ஆய்வகத்திலும் நிசா. கோட்டைமேட்டிலிருந்து காந்திபுரம் வந்து, அங்கே சத்தி ரோடு பஸ் பிடித்து, கோவில்பாளையம் தாண்டி இறங்கித் தினமும் நடந்து வருகிறவள். நாலு வருஷமாக இதே நடை. முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் பாக்கி.

விவசாயி நூறு பங்கு யூரியா போட்டால் அதில் பயிர் எத்தனை பங்கைத் தின்கிறது, மண்ணும் காற்றும் எத்தனை, கிணற்றுக்கு இறங்குவது எத்தனை என்பதுதான் அவள் கேள்வி. அன்னூரிலிருந்து செம்மண் கொண்டுவந்து பன்னிரண்டு தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தாள். அதில் மக்காச்சோளம் விதைத்து, அடையாளம் வைத்த யூரியாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். அந்த யூரியா நாற்பது கிராம் தேவை, ஐந்து சதவீதத்தில். அவ்வளவுதான் சமாசாரம். ஒரு டீ டம்ளரில் பாதி.

மக்காச்சோளம் நூற்றுப் பத்து நாள் பயிர். நிசாவின் உதவித்தொகை மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு சரி. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அவளுக்கு அனுமதி கிடையாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் டிசம்பர் பத்தாம் தேதி விதை விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு வருஷமும் தண்ணீரில் போனது. ஜூனில் கேட்கிறோம், ஆறு மாதம் கிடக்கிறதே என்று அவள் நினைத்தாள். பாவம், சின்னப் பெண்.

"அஞ்சு சதவீதம்னு எழுதியிருக்கீங்க," என்றார் முனைவர் வின்ஸ்டன். குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் அவர். தென்னை வண்டைப் பற்றி முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி செய்தவர். அதற்கப்புறம் வண்டும் அவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை. "மிச்சம் தொண்ணூத்தஞ்சு என்னம்மா?"

"சாதாரண யூரியாதானுங்க சார்."

"அதாவது நூறு ரூபாய் குடுத்து வாங்கற சாமான்ல தொண்ணூத்தஞ்சு கலப்படம்."

"கலப்படம் இல்லீங்க சார். அடையாளத்துக்குத்தான்." நிசா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். இதை எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள். "நைட்ரஜன்ல ரெண்டு வகைங்க. எல்லா எடத்துலயும் இருக்கறது லேசானது. கொஞ்சம் கனமானது ஆயிரத்துல மூணோ நாலோதான் இருக்கும், நாங்க கேக்கற சரக்குல நூத்துக்கு அஞ்சு. ஒரு பட்டியில நூறு ஆடு நிக்குதுன்னு வெச்சுக்குங்க. நம்மாடு எது, பக்கத்துத் தோட்டத்து ஆடு எதுன்னு தெரியாது. அதுல அஞ்சு ஆட்டுக்கு மட்டும் மஞ்சச் சாயம் பூசி மேய உட்டா, சாயங்காலம் எந்தக் காட்டுல எத்தன மஞ்சாடு நிக்குதுன்னு எண்ணி, நம்மாடு எத்தன அங்க போச்சுன்னு சொல்லிரலாம். அஞ்சே போதும். நூறுக்கும் பூசினா சாயச் செலவுதான் ஆகும்."

குழு தலையாட்டியபடி கேட்டது. புரிந்துவிட்டது என்று நிசா சந்தோஷப்பட்டாள்.

"ஆடுங்கறது உயிருள்ள பிராணி," என்றார் வின்ஸ்டன் கடைசியில். "விலங்கு நலக் குழுச் சான்று வெச்சிருக்கீங்களா?"

"சார், ஆடு உதாரணத்துக்குத்தானுங்க."

"உதாரணத்துக்குன்னாலும் ஆடு ஆடுதானம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா நாங்க பதில் சொல்லோணும்."

ஆக முதல் கூட்டம் சான்றிதழோடு முடிந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் வர ஐந்து வாரம் ஆனது. வந்தவர் மிக நேர்மையான மனிதர். தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்றில் கையை விட்டும் பார்த்தார். 'பரிசோதிக்கப்பட்ட பன்னிரண்டு தொட்டிகளிலும் ஆடு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பயணப்படி வாங்கிக்கொண்டு போனார். ஜூலை முடிந்தது.

ஆகஸ்டில் நிசா உஷாராகப் போனாள். ஆடு, மாடு, கோழி எதுவும் வாயில் வரக்கூடாது என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கையில் ஒரே தாள், அதில் ஒரு சின்னப் பட்டியல். ஒரு சதவீதச் சரக்கு மலிவு, ஆனால் அளக்கிற இயந்திரத்துக்கு அது தெரியாது. ஐந்து சதவீதம் முப்பத்தாறாயிரம் ரூபாய், தொட்டிச் சோதனைக்குப் போதும். பத்து சதவீதம் எழுபதாயிரம். திறந்த வயலாக இருந்தால் அடையாளம் மண்ணில் கலந்து மங்கிப்போகும், அப்போது இது வேண்டும். தொண்ணூற்றெட்டு சதவீதம் ஆறு லட்சம், இந்த வேலைக்கு வீண். கடைசியாக ஒரு வழி எழுதியிருந்தாள். தொண்ணூற்றெட்டில் வெறும் இரண்டு கிராம் வாங்கி, கடை யூரியா நாற்பது கிராமோடு சேர்த்துக் கரைத்தால் நாற்பத்திரண்டு கிராம், அதே ஐந்து சதவீதம், செலவு முப்பதாயிரம். ஆறாயிரம் மிச்சம்.

கடைசி வரியைப் படித்ததும் நிதி அலுவலர் அற்புதத்தின் முகம் மலர்ந்தது. அற்புதம் மேடம் வாழ்க்கையில் இரண்டாவது மலிவான பொருள் எதையும் வாங்க விட்டதில்லை. அந்த அறையின் மின்விசிறி சுற்றும்போது போடுகிற சத்தமே அதற்குச் சாட்சி.

"நல்லாருக்குதே கண்ணு," என்றார் அவர்.

வின்ஸ்டன் தாளைக் கீழே வைத்தார். "மேடம், இது என்னன்னு தெரியுதுங்களா? சுத்தமான சரக்க வாங்கி, அதுல கடைச் சரக்கக் கலக்கறது. இதையே ஒரு பால்காரர் செஞ்சா உள்ள புடிச்சுப் போடறாங்க. நாம ஒரு ஆய்வு நிறுவனம். வாங்கினா தொண்ணூத்தெட்டு வாங்கோணும். அஞ்சு சதவீதம் மார்க் எடுத்தவன நாம வேலைக்குச் சேத்துவமா?"

"ஆறு லட்சத்துக்கு நாப்பது கிராம் யூரியாங்களா? தங்கத்துக்கு மேல போகுதே," என்றார் அற்புதம்.

இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒருவர் தொண்ணூற்றெட்டிலிருந்து இறங்கவில்லை, ஒருவர் ஐந்திலிருந்து ஏறவில்லை. போண்டா ஆறிப்போனது. அதைத் தாங்க முடியாமல்தான் குழுவின் தலைவரும் நிறுவனத்தின் இயக்குநருமான முனைவர் சத்தியசீலன் தொண்டையைச் செருமினார்.

"நம்ம நிறுவனம் யார் பக்கமும் சாயாதுங்க," என்றார் அவர். "விஞ்ஞானம்னா என்ன? நடுநிலை. நான் இயக்குநரா வந்து ஒன்பது வருஷத்துல ஒருத்தர் மனசும் நோகற மாதிரி ஒரு முடிவும் எடுத்ததில்ல. எடுக்கவே இல்லைன்னுகூட சொல்லலாம். தொண்ணூத்தெட்டும் அஞ்சும் நூத்தி மூணு. பாதி அம்பத்தொண்ணரை. அரையெல்லாம் எதுக்கு, அம்பத்திரண்டுன்னு போட்டுக்கலாம். ரெண்டு பேருக்கும் கௌரவம்."

"சார், அம்பத்திரண்டு யாரும் விக்கறதில்லைங்க," என்றாள் நிசா.

"கேட்டாத்தானம்மா விப்பாங்க."

கேட்டார்கள். மும்பையிலிருந்த கம்பெனிக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அங்கே அதைச் சுவரில் ஒட்டி வைத்ததாகக் கேள்வி. செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. ஐம்பத்திரண்டு சதவீதம் இதுவரை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை, தனியாகத் தயாரித்துத் தர வேண்டும், பதினோரு லட்சம், ஏழு மாதம். அற்புதம் மேடம் அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து ஃபைலுக்குள் போட்டார். பொதுவாக ஒரு டெண்டர் விட்டுவிடலாம், யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களிடம் வாங்கலாம் என்று அக்டோபரில் தீர்மானமானது. நிசா இரவில் தூங்குவதை விட்டுவிட்டு நாள்காட்டி பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

டெண்டர் பேப்பரில் வந்தது. 'யூரியா, தேவைக்கேற்ப' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இடம் போதவில்லை என்று சதவீதத்தை எடுத்துவிட்டு, 'பொருளில் கன நைட்ரஜன் எத்தனை சதவீதம்' என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் வைத்திருந்தார்கள். அன்னூரில் உர மண்டி வைத்திருக்கும் அக்பர் அலி அதைப் பார்த்தார். நிசா செம்மண் எடுக்கப் போனபோது டிராக்டர் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அவளுக்கே போன் போட்டார்.

"ஏங்கண்ணு, உங்க ஆபீஸ்ல யூரியா கேட்டிருக்காங்களாமே. இங்க ஒரு கட்டத்துல கன நைட்ரஜன் எவ்வளவுன்னு இருக்குது. நம்ம மூட்டையில அதெல்லாம் இருக்குதா?"

நிசாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்காவது பழகியிருக்கலாம். "எல்லா யூரியாவுலயும் இருக்குமுங்கண்ணா. புள்ளி மூணு ஏழு சதவீதம். ஆனா அது..."

"புள்ளி மூணு ஏழு," என்று எழுதிக்கொண்டு அக்பர் அலி போனை வைத்துவிட்டார்.

நவம்பர் முதல் செவ்வாயன்று உறைகள் பிரிக்கப்பட்டன. முதல் உறையில் மும்பைக் கம்பெனி, ஐந்து சதவீதம், நாற்பது கிராம், முப்பத்தாறாயிரம். இரண்டாவதில் சென்னைக்காரர்கள், அதே சரக்கு, நாற்பத்தோராயிரம். மூன்றாவதில் அன்னூர் அக்பர் அலி உர மண்டி, நாற்பத்தைந்து கிலோ மூட்டை, இருநூற்று அறுபத்தாறு ரூபாய் ஐம்பது காசு, ஏற்றுக்கூலி உட்பட.

அற்புதம் மேடம் கால்குலேட்டரை எடுத்தார். அந்த அறையில் அதற்கப்புறம் பத்து நிமிஷம் பொத்தான் சத்தம் மட்டும்தான். பிறகு அவர் நிமிர்ந்தபோது கண்ணில் நீர் தளும்பியது. சிக்கனம் ஒரு மனிதரை இப்படியும் உருக்கும் என்று நிசா அன்றுதான் பார்த்தாள்.

"டைரக்டர் சார், மூட்டையில நைட்ரஜன் நூத்துக்கு நாப்பத்தாறு பங்கு. அது இருவது கிலோ எழுநூறு கிராம். அதுல புள்ளி மூணு ஏழு சதவீதம் எழுபத்தாறு கிராமுங்க. இந்தப் பொண்ணு கேக்கற நாப்பது கிராம் பொட்டலத்துல கன நைட்ரஜன் ஒரு கிராம்கூட இல்லீங்க. ஒரு கிராமுக்கு முப்பத்தாறாயிரமா, எழுபத்தாறு கிராமுக்கு எரநூத்து அறுபத்தாறா?"

"மேடம், அப்படி இல்லீங்க," என்று நிசா எழுந்தே விட்டாள். "அது மண்ணுலயும் அதே அளவு இருக்குது, காத்துலயும் அதே அளவு இருக்குது. பட்டியில எப்பவும் இருக்கற மஞ்சாடு..." ஆடு என்றதும் வின்ஸ்டன் பேனாவை எடுத்தார். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "தனியாத் தெரியாதுங்க மேடம். எது உரத்துலருந்து வந்தது, எது மண்ணுல முன்னாடியே இருந்ததுன்னு கண்டுபுடிக்க முடியாது."

சத்தியசீலன் கையைக் காட்டி அமர்த்தினார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நீ கேட்ட பொருள் அந்த மூட்டையில இருக்குதா, இல்லையா?"

"இருக்குதுங்க சார், ஆனா..."

"இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு மினிட்ஸ்ல எழுதிக்குங்க. 'ஆனா'வ எழுத வேண்டாம். மினிட்ஸ்ல 'ஆனா' போட்டா ஆடிட்டுக்குப் புடிக்காது."

மூட்டையில் எழுபத்தாறு கிராம் கன நைட்ரஜன் இருப்பதாகக் குழு ஒருமனதாகச் சான்றளித்தது. முப்பத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு மிச்சப்படுத்தியதற்காக அற்புதம் மேடத்துக்குப் பாராட்டுக் கடிதம். மறுநாள் மூட்டை வந்து ஸ்டோரில் இறங்கியது. நிசா அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் எந்தப் படிவத்தில் அழுதாய் என்று கேட்பார்கள்.

அந்த மாதக் கடைசியில்தான் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. டிசம்பர் நான்காம் தேதி ஆய்வுக் குழு வருகிறது, நிறுவனத்தில் உலகத்தரம் வாய்ந்த பொருள்கள் என்னென்ன உள்ளன என்று காட்டவும். சத்தியசீலன் ஒரு நாள் முழுக்க நிறுவனத்தைச் சுற்றி வந்தார். உலகத்தரமாக ஒரு குப்பைத் தொட்டிகூடக் கிடைக்கவில்லை. அப்போது வின்ஸ்டன் அவர் காதில் தொண்ணூற்றெட்டு என்ற எண்ணைச் சொன்னார்.

இயக்குநருக்கு முப்பதாயிரம் ரூபாய் வரைக்கும் யாரையும் கேட்காமல் செலவழிக்க ஒரு தனி அதிகாரம் உண்டு. டெண்டர் கிடையாது, குழு கிடையாது, போண்டாகூடக் கிடையாது. ஆறு மாதமாக வராத சரக்கு ஆறே நாளில் வந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம், இரண்டு கிராம், கையடக்கக் கண்ணாடிக் குப்பியில். குப்பி கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று சத்தியசீலன் தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தார். அடியில் ஒரு சிட்டிகைதான், மேலே எல்லாம் வெற்றிடம். கண்ணாடிப் பெட்டி செய்து, நீல வெல்வெட் விரித்து, வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்தார்கள்.

தில்லிக்காரர்கள் வந்தார்கள். சத்தியசீலன் பெட்டிக்கு முன்னால் நின்று பேசினார். "இந்தத் தூய்மைதான் எங்கள் நிறுவனத்தின் தூய்மை. இதை நாங்கள் எதற்கும் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்பதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்." எல்லாரும் கைதட்டினார்கள். குப்பியோடு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை நிசா இயக்குநர் அறையில் நின்றாள். கண்காட்சிதான் முடிந்துவிட்டதே, அந்த இரண்டு கிராமைத் தந்தால் நாற்பது கிராம் கடை யூரியாவில் சேர்த்து ஐந்து சதவீதம் ஆக்கிக்கொள்வேன், இன்னும் ஐந்தே நாள் இருக்கிறது சார் என்று கெஞ்சினாள்.

"தில்லியே பாராட்டின சரக்கம்மா," என்றார் சத்தியசீலன், உண்மையிலேயே மனம் வருந்தி. "அதுல போயி அன்னூர் மூட்டைய அள்ளிப் போட எனக்கு மனசு வருமா? உனக்கு எழுபத்தாறு கிராம் வாங்கித்தான குடுத்திருக்கோம்."

குப்பி கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஸ்டோருக்குப் போனது.

ஸ்டோர் கீப்பர் சுந்தரராஜுலு அதிகம் பேசாத ஆள். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக்கியவர். விதி இல்லாமல் ஒரு குண்டூசி அவர் கையிலிருந்து நகராது. விதி இருந்தால் யானையைக்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவிழ்த்து விடுவார். டிசம்பர் எட்டாம் தேதி அவரிடமிருந்து நிசாவுக்கு ஆள் வந்தது, உங்கள் பேரில் வாங்கிய சரக்கு இருப்புச் சரிபார்ப்பு, சாட்சிக் கையெழுத்துக்கு வரவும் என்று.

போனால் மேசைமேல் குப்பி. மூடி திறந்திருந்தது. கீழே மூட்டை, அதன் வாயும் அவிழ்த்திருந்தது. சுந்தரராஜுலு குப்பியைக் கையில் எடுத்து மூட்டைக்கு மேலே பிடித்திருந்தார்.

"சார்," என்றாள் நிசா.

"ஏனுங்க அம்மணி? ஒரே சரக்கு பதிவேட்டுல ரெண்டு பக்கத்துல நிக்கக் கூடாதுங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல மூட்டை யூரியா, நூத்தி எம்பத்தேழுல குப்பி யூரியா. அரையாண்டு சரிபார்ப்புல ஒண்ணாச் சேத்திப் போடோணும். டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டாருங்க." நீட்டிய தாளில் சத்தியசீலனின் கையெழுத்து இருந்தது. அவர் படிக்காமல் போட்ட நாற்பது கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

இரண்டு கிராமை நாற்பத்தைந்து கிலோவில் கொட்டினால் அது போன இடம் ஆண்டவனுக்குத்தான் தெரியும். நிசா மூட்டையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"சார், எதை எதுலீங்க சேத்தோணும்? விதியில அது இருக்குங்களா?"

சுந்தரராஜுலு புண்பட்டவராக அவளைப் பார்த்தார். விதியில் இல்லாமல் இருக்குமா? குப்பியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். 'விலை குறைந்த சரக்கை, விலை உயர்ந்த சரக்கின் கலனில் சேர்க்க வேண்டும். கலன் கொள்ளாத மிச்சத்தைப் பழைய பக்கத்திலேயே இருப்பாகக் காட்டலாம்.'

அவர் மறுபடி ஒருமுறை படித்தார். குப்பியைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். ஆறு மாதமாக இந்தப் பெண் ஸ்டோர் வாசலில் நடந்த நடையையும் அவர் பார்த்தவர்தான்.

"கொஞ்சம் இருந்தா தப்பா ஊத்தியிருப்பேனுங்க," என்றார். "குப்பி எவ்வளவு கொள்ளுமுங்க அம்மணி?"

"நாப்பது கிராமுங்க சார்."

"நாப்பத்தொண்ணு கொள்ளாதுங்களா?"

"கொள்ளாதுங்க சார்."

குப்பியின் கழுத்துக்குக் கீழே இன்னும் பத்துப் பதினைந்து கிராமுக்கு இடம் இருந்தது. அது இருவர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது. சுந்தரராஜுலு தராசைத் துடைத்து, மூட்டையிலிருந்து நாற்பது கிராமைக் குந்துமணி எடை பிசகாமல் நிறுத்து, குப்பியில் போட்டு மூடினார். "சேத்திப் போட்டேனுங்க," என்று பதிவேட்டில் எழுதினார். நூற்றி எண்பத்தேழாம் பக்கத்தில் யூரியா, நாற்பத்திரண்டு கிராம். கலந்தாகிவிட்டது, இனி அது உலகத்தரம் இல்லை, வெறும் ஸ்டோர் சரக்கு. ஸ்டோர் சரக்கை எடுக்க ஒரு பச்சைச் சீட்டும் ஒரு கையெழுத்தும் போதும். நிசா அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். அவசரத்தில் பேர் கொஞ்சம் கோணியது.

டிசம்பர் பத்தாம் தேதி விதை விழுந்தது. நாற்பத்திரண்டு கிராமையும் மொத்தமாகத் தண்ணீரில் கரைத்து, அளந்து அளந்து பன்னிரண்டு தொட்டிக்கும் ஊற்றினாள். மக்காச்சோளம் வஞ்சகமில்லாமல் வந்தது. மார்ச் முப்பதில் அறுவடை. இயந்திரம் எண்ணிச் சொன்னது, நூற்றில் முப்பத்தாறு பயிருக்கு, மிச்சம் மண்ணுக்கும் காற்றுக்கும், பதினெட்டு நேராகத் தண்ணீரோடு கீழே.

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் பட்டம் வாங்க நிறுவனத்திடம் 'பாக்கி இல்லை' என்று ஒரு சான்று வேண்டும். அதற்குப் போனபோது ஆடிட் தடை போட்டிருந்தது. 'தொண்ணூற்றெட்டு சதவீதச் சரக்கு இரண்டு கிராம், ஐந்து சதவீதமாகக் குறைந்தது எப்படி? காணாமற்போன தொண்ணூற்று மூன்று சதவீதம் எங்கே? அதன் மதிப்பு ரூபாய் இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம், ஆய்வு மாணவியிடம் வசூலிக்கப்பட வேண்டும்.'

நிசா முதலில் உண்மையை எழுதினாள். ஒன்றரைப் பக்கம், படம் போட்டு. 'விளக்கம் விளங்கவில்லை' என்று திரும்பி வந்தது. இரண்டாவது முறை இன்னும் எளிமையாக எழுதினாள். 'விலங்கு நலக் குழுச் சான்றை இணைக்கவும்' என்று வந்தது. உதவித்தொகையும் நின்றுவிட்டது, வீட்டில் அத்தாவிடம் சொல்லி அவர் கடையில் கைமாற்று வாங்கிப் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். அன்றைக்குத்தான் சுந்தரராஜுலு நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

நிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாலு வரி எழுதினாள்.

'ஐயா, இரண்டு கிராமில் தொண்ணூற்று மூன்று சதவீதமாகிய ஒன்று புள்ளி எட்டு ஆறு கிராம் குறைவதை ஒப்புக்கொள்கிறேன். நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்து மூட்டையில் இதே பொருள் எழுபத்தாறு கிராம் இருப்பதாகக் கொள்முதல் குழு ஒருமனதாகச் சான்றளித்துள்ளது. குறைவை அதில் ஈடுகட்டிக்கொண்டு, மீதி எழுபத்து நான்கு புள்ளி ஒன்று நான்கு கிராமை நிறுவனத்தின் வரவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.'

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமாக ஒரு பதில் வந்ததில்லை. 'விளக்கம் திருப்திகரம். ஏற்கப்பட்டது.' கீழே அற்புதம் மேடத்தின் கையால் ஒரு குறிப்பு, 'மிகத் தெளிவான பெண்.' பாக்கி இல்லைச் சான்றில் சத்தியசீலன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கோட்டைமேட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போகும் வழியில் அவள் அக்பர் அலிக்குப் போன் செய்தாள். முப்பத்தாறையும் பதினெட்டையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நூறு போட்டா முப்பத்தாறு வேலை செய்யுது. உங்க ஆபீஸுக்கு எங்க யூரியா தேவலை கண்ணு," என்றார். "அந்த மூட்டை என்னாச்சு? அங்க சும்மாதான கெடக்குது, திருப்பிக் குடுத்தா எடுத்துக்கறேன். உடுமலப்பேட்டயிலருந்தெல்லாம் வந்து யூரியா கேக்கறாங்க, வர்ற வேகத்துலயே தீந்துபோகுது."

"தர மாட்டாங்கண்ணா. ஆடிட்ல அதுக்கு வெல போட்டுட்டாங்க. எழுபத்து நாலே சொச்சம் கிராம், ஒரு கிராம் பதினஞ்சாயிரம் வீதம். பதினோரு லட்சத்துப் பன்னெண்டாயிரத்து நூறு ரூபா. தனி ரூம் ஒதுக்கி மூணு பூட்டுப் போட்டு, குழுவுல மூணு பேரும் சாவி ஆளுக்கொண்ணா வெச்சிருக்காங்க."

மண்டியில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போடுவது கேட்டது.

"இங்க இப்பத்தான் நானூறு மூட்டை வந்து எறங்குது கண்ணு," என்றார் அக்பர் அலி நிதானமாக. "இன்னைக்கு ராத்திரி சாத்தும்போது இன்னொரு பூட்டு சேத்திப் போட்டுக்கறேன்."